நாங்கள் ஊரில் இல்லாத வாரத்தில் எடுத்த கணக்கு

அனுப்புநர்
யூரிட் சோல்பாக்கன்,
ஒன்பதாம் வகுப்பு, மோல்லெபக்கன் பள்ளி,
(மோல்லெபக்கன் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பாக)
மோல்லெபக்கன் தெரு, ஸ்டெய்ன்விக், நார்வே.

பெறுநர்
திருமதி ஹெர்டிஸ் வோகெ அவர்கள்,
தலைவர், சாலைகள் மற்றும் பூங்காக்கள் துறை,
ஸ்டெய்ன்விக் நகராட்சி.

நகல்
போக்குவரத்துப் பிரிவு, காவல் நிலையம், ஸ்டெய்ன்விக்.

பொருள்: மோல்லெபக்கன் பள்ளி முன்பாகப் பாதசாரிகள் கடக்கும் இடத்திலுள்ள வெள்ளைக் கோடுகளை அழிக்கும் முடிவைத் திரும்பப் பெறவும், எங்கள் தெருவில் வேக வரம்பை முறையாக நடைமுறைப்படுத்தவும் வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: தங்கள் துறையிலிருந்து மார்ச் மாதம் எங்கள் சங்கத்துக்கு வந்த கடிதம்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். எனக்கு வயது பதினான்கு. எனக்கு வாக்குரிமை இல்லை. ஆனால் நகராட்சிக்கு மனு எழுத வாக்குரிமை தேவையில்லை, அந்த ஊரில் வசித்தால் போதும் என்று நூலகத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். நூலகரிடமும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். எனவே இம்மனுவை எழுதியவரின் வயதை ஒரு குறையாகக் கொள்ள வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

இதை எழுதும் பொறுப்பை எங்கள் நலச் சங்கக் கூட்டம் எனக்கு அளித்தது. சங்கத் தலைவர் ஹல்வார் அவர்கள், “நாங்க எழுதினா ரெண்டாவது வரியிலயே சண்டை வந்துடும். நீ எழுது யூரிட், உனக்குத்தான் புத்தகம் படிச்ச பொறுமை இருக்கு” என்றார். அந்தப் பொறுமையோடு நடந்தவற்றை வரிசையாகக் கீழே தருகிறேன். எங்கள் தவறுகளையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன். அவற்றை நீக்கிவிட்டு எழுதினால் மனு அழகாக இருக்கும், ஆனால் தாங்கள் நம்பமாட்டீர்கள்.

1. மோல்லெபக்கன் ஒரு சரிவான தெரு. மேலே பழைய மாவு ஆலை, கீழே கடற்கழி, நடுவில் பள்ளி. மணிக்கு முப்பது கிலோமீட்டர் என்ற பலகை இரு முனையிலும் இருக்கிறது. முன்பெல்லாம் இத்தெருவில் வரும் கார்களை ஓசையை வைத்தே யாருடையது என்று சொல்லிவிடலாம். பாலத்தின் முன்பாகச் சுங்கக் கட்டணக் கேமரா வைக்கப்பட்ட பிறகு நிலைமை மாறியது. கட்டணத்தைத் தவிர்க்க நினைப்பவர்கள் மாவு ஆலையருகே திரும்பி, எங்கள் தெரு வழியாக இறங்கி, கேமராவுக்கு அப்பால் பாலத்துச் சாலையில் போய்ச் சேர்ந்துகொள்கிறார்கள். சுற்றிப் போவதால் இழக்கும் நேரத்தை அவர்கள் எங்கள் சரிவில்தான் ஈடுகட்டுகிறார்கள். காலையில் சன்னலருகே உட்கார்ந்து ரொட்டி சாப்பிடும்போது, ஆணி பதித்த குளிர்கால டயர்கள் தாரைச் சுரண்டும் சத்தம் இடைவிடாமல் கேட்கிறது. குளிர்காலத்தில் பள்ளி தொடங்கும் நேரம் இங்கு இன்னும் இருட்டு என்பது தங்களுக்குத் தெரியும். அந்த இருட்டில், பைகளிலும் சட்டைக் கைகளிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் ஒளிப்பட்டை தொங்க, ஆறு வயதுப் பிள்ளைகள் தனியாக நடந்து வருகிறார்கள். எங்கள் ஊர் வழக்கம் அது. நானும் அப்படித்தான் நடந்தேன். தாங்களும் அப்படித்தான் நடந்திருப்பீர்கள்.

2. கடந்த ஜனவரியில், பள்ளி முன் உள்ள அந்த வெள்ளைக் கோடுகளின் மேல், என் தங்கை ஹெட்டா ஒரு காரின் முன் நின்றாள். அவள் முதல் வகுப்பு. நான் அவளுக்கு ஒரு வீட்டுத் தொலைவு பின்னால் வந்துகொண்டிருந்தேன். (அவளோடு சேர்ந்து நடக்க எனக்கு அனுமதி இல்லை. தான் தனியாகப் போவதாக அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.) சரிவில் வந்த சாம்பல் நிறக் கார் பிரேக் போட்டதும் பனிக்கட்டியில் வழுக்கி, பக்கவாட்டில் திரும்பி, கோடுகளின் நடுவே வந்து நின்றது. ஹெட்டாவின் பையிலிருந்த ஒளிப்பட்டை அந்தக் காரின் முன்விளக்கில் பட்டு ஆடிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, “ஏம்மா, வண்டி வர்றது தெரியலையா உனக்கு?” என்று கேட்டார்.

ஹெட்டா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: “தெரிஞ்சுது. அதான் நான் நின்னுட்டேன். ஆனா கோட்டுகிட்ட நீங்கதான் நிக்கணும்னு டீச்சர் சொன்னாங்க.”

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. அவர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவசரத்தில் இருந்தவர். எங்கள் தெருவில் தினமும் அவரைப் போன்றவர்கள்தான் வருகிறார்கள்.

அன்று முதல் ஹெட்டாவை அம்மா காரில் கொண்டுபோய் விடுகிறார். பள்ளி எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும் தூரம். “குட்டிப் பாப்பாவைக் கொண்டுபோற மாதிரி கொண்டுபோறீங்க. எல்லாரும் பார்க்கிறாங்க” என்று ஹெட்டா தினமும் அழுகிறாள். அம்மாவுக்கும் அதில் மகிழ்ச்சி இல்லை. வாசலில் காரைத் திருப்ப இடம் தேடும்போது, மற்றப் பிள்ளைகளுக்கு ஆபத்தாக நிற்பது தன் கார்தான் என்று அவரே சொல்கிறார்.

3. இதில் எங்கள் குற்றம் ஒன்று உண்டு. ஓட்டுநருக்கு ஹெட்டா தெரியாமல் போனதற்கு வேகம் மட்டும் காரணமன்று. அந்த இடத்தில் ஒரு பனிமேடு இருந்தது. ஆண்டுதோறும் நாங்கள்தான் அதைக் கட்டுகிறோம். பனி பெய்ததும் எல்லோரும் தத்தம் வாசலைச் சுரண்டி, தள்ளுவண்டியில் கொண்டுபோய்க் கோடுகளுக்குப் பக்கத்திலுள்ள வெற்றிடத்தில் கொட்டுவோம். அதன் மேல் தண்ணீர் ஊற்றி இறுக்கி, பிள்ளைகள் சறுக்கி விளையாட ஒரு மலை செய்வோம். ஊர்ப் பொதுவேலை நாளில் அதற்குப் படிக்கட்டுகூட வெட்டியிருந்தோம். அந்த மலையின் படம் உள்ளூர்ப் பத்திரிகையிலும் வந்தது. அதில் நானும் இருக்கிறேன், சிரித்துக்கொண்டு. பிள்ளைகளுக்காகவே கட்டிய மலை, பிள்ளைகளை ஓட்டுநர்களின் கண்ணிலிருந்து மறைத்துக்கொண்டிருந்தது. ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஹெட்டா சம்பவம் நடந்த அன்று மாலை எல்லோரும் மண்வெட்டியோடு வந்தார்கள். யாரும் யாரையும் அழைக்கவில்லை. கோடுகளுக்கு நேர் எதிரே வசிக்கும் ஒட்கெய்ர் அவர்கள், முதல் வெட்டு வெட்டிவிட்டு, “நம்ம கையாலேயே சுவர் கட்டி வச்சுட்டு, காரைத் திட்டிக்கிட்டு இருக்கோம்” என்றார். ஒருவர், “போன வருஷம் இன்னும் உயரமாக் கட்டணும்னு சொன்னது யாரு?” என்று கேட்டார். “நான்தான். அதான் முதல்ல வெட்டுறேன்” என்றார் ஒட்கெய்ர். சறுக்குமலை இப்போது கார்க்கொட்டகைகளின் பின்னால் இருக்கிறது. அடுத்த குளிர்காலத்திலும் அங்கேதான் இருக்கும் என்று சங்கம் தீர்மானம் நிறைவேற்றியுள்ளது. எங்கள் பங்கை நாங்கள் செய்துவிட்டோம் என்பதைத் தெரிவிக்கவே இதை எழுதினேன்.

4. அதன் பின் காவல் துறைக்கு எழுதினோம். அவர்கள் வந்தார்கள். அதற்கு எங்கள் நன்றி. பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு காலையில் பெண் காவலர் ஒருவர் வேகம் அளக்கும் கருவியுடன் கார்க்கொட்டகையருகே நின்றார். அவரிடம் முதலில் அகப்பட்டவர் எங்கள் சங்கத் தலைவர் ஹல்வார் அவர்களே. காவலருக்கு நன்றி சொல்வதற்காகச் சூடான வாஃபிள் அப்பமும் காப்பிக் குடுவையும் எடுத்துக்கொண்டு, அவை ஆறுமுன் சேர்த்துவிட வேண்டும் என்று காரில் சற்று வேகமாக இறங்கிவிட்டார்.

“உங்களைக் கூப்பிட்டதே நான்தாங்க!” என்றார் ஹல்வார்.

“ரொம்ப நல்லது. அப்ப உங்க பேரையே முதல்ல எழுதிக்கிறேன்” என்றார் காவலர்.

வாஃபிளை அவர் வாங்கவில்லை. பணியில் இருப்பதாகச் சொன்னார். இந்த நிகழ்ச்சியை மனுவில் விட்டுவிடலாமா என்று நான் ஹல்வார் அவர்களிடம் கேட்டேன். “எழுது எழுது. எனக்கே அபராதம் விழுந்தா, சுங்கத்துக்குப் பயந்து ஓடி வர்றவனுக்கு எத்தனை விழணும்னு அவங்க யோசிக்கட்டும்” என்றார். அவர் சொல்வது சரி என்று நினைக்கிறேன். தன் தெருவை நேசிப்பவரே மறந்துபோய் வேகமாக ஓட்டுகிறார் என்றால், நல்லெண்ணம் மட்டும் போதாது, கண்காணிப்பும் வேண்டும் என்றே பொருள்.

அந்தக் காலை பலருக்கு அபராதம் விழுந்தது. அந்த வாரம் முழுவதும் கார்கள் எங்கள் சரிவில் பூனை நடப்பதுபோல் இறங்கின. ஹெட்டாவைத் திரும்ப நடக்க விடலாமா என்றுகூட வீட்டில் பேச்சு எழுந்தது. பிறகு காவலர் வரவில்லை. செய்தி பரவியிருக்க வேண்டும், கார்கள் பழைய வேகத்துக்கே திரும்பின. நடைமுறைப்படுத்தினால் பலன் உண்டு என்பதற்கும், ஒரு நாள் மட்டும் செய்தால் பலன் நிலைக்காது என்பதற்கும் அந்த ஒரு மாதமே சான்று.

5. எனவே நிரந்தரமான ஒன்றைக் கேட்டு, தங்கள் துறைக்கு எழுதினோம். கோடுகள் உள்ள இடத்தைச் சாலையிலிருந்து சற்று உயர்த்தி, கார்கள் தாமாகவே மெதுவாகும்படி மேடாக்கித் தர வேண்டும், மேலே ஒரு விளக்கும் வேண்டும் என்று கேட்டோம். அந்த இடத்தில் எத்தனை பேர் கடக்கிறார்கள் என்று கணக்கெடுக்கத் தாங்கள் ஒரு தனியார் நிறுவனத்தை நியமித்தீர்கள். அது நியாயமான நடவடிக்கை. ஆனால் அதன் முடிவாக மார்ச்சில் வந்த கடிதம் எங்களைத் திகைக்க வைத்தது. காலையில் மிகப் பரபரப்பான ஒரு மணி நேரத்தில் அங்கே கடந்தவர்கள் நான்கு பேர் மட்டுமே, ‘உடன் ஒரு நாய்’ என்று அதில் இருந்தது. இவ்வளவு குறைவாகப் பயன்படும் இடத்தில் வெள்ளைக் கோடுகள் இருப்பது பாதசாரிகளுக்குப் பொய்யான பாதுகாப்பு உணர்வைத் தரும், ஆகவே அவற்றை ஏப்ரல் 22, திங்கட்கிழமை காலை இயந்திரம் கொண்டு அழித்துவிடப் போகிறோம் என்றும் இருந்தது.

உயரமாக்கித் தரும்படி கேட்டோம். உள்ளதையும் எடுத்துக்கொள்கிறோம் என்று பதில் வந்தது.

6. அந்தக் கடிதத்தைச் சங்கக் கூட்டத்தில் ஹல்வார் அவர்கள் உரக்கப் படித்தார். ‘நான்கு பேர், உடன் ஒரு நாய்’ என்ற இடம் வந்ததும் பின்வரிசையில் ஒட்கெய்ர் அவர்கள் எழுந்து நின்றார்.

“நிறுத்துங்க. அந்த நாலு பேரும் நான்தான்” என்றார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் விரல் மடக்கிச் சொன்னார்: “என் நாய் பம்சேவை நடத்திக்கிட்டுப் போனது ஒண்ணு. கையுறையை மறந்துட்டேன்னு திரும்பி வந்தது ரெண்டு. எடுத்துக்கிட்டு மறுபடி போனது மூணு. கடைசியா வீட்டுக்கு வந்தது நாலு. பம்சே மட்டும் ஒரு நாயாவே இருந்திருக்கான், நான்தான் நாலு ஆளாயிட்டேன்.”

கூட்டம் சிரித்து ஓய்ந்த பின் அவர் முழுக் கதையையும் சொன்னார். கணக்கெடுப்பு நடந்தது பிப்ரவரி கடைசி வாரம். அது எங்கள் மாவட்டத்தின் குளிர்கால விடுமுறை வாரம். பள்ளிக்குப் பூட்டு. தெருவில் உள்ள அத்தனை குடும்பங்களும் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கார் மேல் கட்டிக்கொண்டு மலைக்குடில்களுக்குப் போயிருந்தோம். ஒட்கெய்ர் மட்டும் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதை மனுவில் எழுதலாம் என்று அவரே அனுமதி அளித்தார். “குடில் என் பழைய மனைவி பங்குக்குப் போயிடுச்சு. எனக்கு நாய் வந்துச்சு. நான் எங்க போறது?”

அந்த வாரம் ஒரு காலையில், கோடுகளின் ஓரம் ஒரு வெளியூர்க் கார் நிற்பதையும், உள்ளே ஓர் இளைஞர் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும் அவர் பார்த்திருக்கிறார். வீடு திரும்பும்போது கண்ணாடியைத் தட்டியிருக்கிறார்.

“என்ன தம்பி, யாருக்காகக் காத்திருக்கீங்க?”

“யாருக்காகவும் இல்லைங்க. கடக்கிறவங்களை எண்ணுறேன்.”

“இன்னிக்கு யாரு கடப்பா? ஊரே மலையில இருக்கு.”

“அப்படியா? எங்க பக்கம் லீவு போன வாரமே முடிஞ்சிடுச்சே. இங்க எப்பவுமே இப்படித்தான் அமைதியா இருக்கும்போலன்னு நினைச்சேன். நல்ல தெருங்க.”

அந்த நிறுவனம் மலைக்கு அப்பாலுள்ள மாவட்டத்தைச் சேர்ந்தது. இரு மாவட்டங்களின் பள்ளி விடுமுறையும் ஒரே வாரத்தில் வருவதில்லை. சறுக்குச் சரிவுகளில் நெரிசல் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது என்று எங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கிறார். சரிவுகளில் நெரிசல் குறைந்தது. எங்கள் கோடுகளிலும் அன்று நெரிசல் இல்லை.

“அப்பவே அந்தத் தம்பிகிட்ட அடுத்த வாரம் வான்னு சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். “சொன்னேனே. அதுக்கு அவரு, தாள்ல இந்த வாரம்னு போட்டிருக்குங்கன்னாரு. குளிர்ல பாவம், அவருக்குக் காப்பிதான் குடுக்க முடிஞ்சுது” என்றார் ஒட்கெய்ர்.

அந்த இளைஞர் மீது எங்களுக்குப் புகார் இல்லை. அவர் கண்டதை எண்ணினார், நாயைக்கூட விடவில்லை. தங்கள் அலுவலகத்தில் இது கவனிக்கப்படாமல் போனதற்கும் காரணம் புரிகிறது. அந்த வாரம் தாங்களும் மலையில்தான் இருந்திருப்பீர்கள். இருந்திருக்க வேண்டும் என்றே விரும்புகிறேன், பனி அவ்வளவு நன்றாக இருந்தது. ஆனால் ஊரே இல்லாத ஊரில் எடுத்த கணக்கை வைத்து, ஊர் நடக்கும் வழியை அழிக்கலாகாது. எங்கள் மாவட்டப் பள்ளி விடுமுறை அட்டவணையையும், ஒட்கெய்ர் அவர்கள் கையொப்பமிட்ட கூற்றையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

7. ‘பொய்யான பாதுகாப்பு உணர்வு’ என்ற சொற்களைப் பற்றி நிறைய யோசித்தேன். தங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் கடினமாக இருந்த பகுதி அதுதான், ஏனென்றால் அதில் பாதி உண்மை. கோடுகள் இருக்கின்றன என்று நம்பித்தான் ஹெட்டா கால் வைத்தாள். கார் கோடுகளுக்கு முன் நிற்கவில்லை. அப்படியானால் கோடுகள் அவளிடம் பொய் சொன்னதாகத்தானே ஆகிறது என்று நானும் என்னையே கேட்டுக்கொண்டேன்.

பிறகு சாலை விதிகளைப் படித்தேன். கோடுகள் இருக்கும் இடத்தில், கடப்பவருக்காக வாகனம் நிற்க வேண்டும். கோடுகள் இல்லாத இடத்தில், வாகனத்துக்காகக் கடப்பவர் நிற்க வேண்டும். எனவே அந்தக் கோடுகள் வெறும் வண்ணப்பூச்சு அல்ல. நகராட்சி பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு. அந்த வாக்கைக் காப்பாற்றாமல் போனவர்கள் ஓட்டுநர்கள். ஒருவர் கொடுத்த வாக்கை இன்னொருவர் மீறினால், மீறியவரைத் தடுப்பது முறையா, வாக்கையே திரும்பப் பெறுவது முறையா? கோடுகளை அழித்த மறுநாளும் பள்ளி அதே இடத்தில்தான் இருக்கும். பிள்ளைகள் அதே இடத்தில்தான் கடப்பார்கள். மாறுவது ஒன்றுதான்: அதுவரை குற்றம் செய்தவராக இருந்த ஓட்டுநர் அன்று முதல் சரியானவர் ஆகிவிடுவார், ஆறு வயதுப் பிள்ளை தவறு செய்தவளாகிவிடுவாள்.

8. இன்னொன்றும் நடக்கும். எங்கள் தெருவில் பல பெற்றோர்கள், கோடுகள் போய்விட்டால் தங்கள் பிள்ளைகளையும் காரில்தான் கொண்டுவந்து விடுவோம் என்று கூட்டத்தில் சொன்னார்கள். எனில் அடுத்த முறை எண்ண வருபவருக்கு நான்கு பேர்கூடக் கிடைக்க மாட்டார்கள். யாரும் நடப்பதில்லை என்பதால் கோடு இல்லை, கோடு இல்லை என்பதால் யாரும் நடப்பதில்லை என்று ஆகிவிடும். அந்த நிலைக்கு எங்கள் தெரு போக வேண்டாம்.

ஆகவே, அம்மையீர், கீழ்க்கண்டவற்றைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, ஏப்ரல் 22 அன்று நடக்கவிருக்கும் அழிப்பு வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். மற்றவை எல்லாம் இதற்குப் பின்னர்தான். பள்ளி நடக்கும் வாரத்தில், பள்ளி தொடங்கும் நேரத்தில் மறுபடியும் எண்ண வேண்டும். அந்தக் கணக்கு எதுவாக இருந்தாலும் நாங்கள் ஏற்போம். கணக்கு எங்கள் பக்கம் இருந்தால், கோடுகள் உள்ள இடத்தை உயர்த்தி, விளக்கும் வைத்துத் தர வேண்டும். அதற்கு வேண்டிய கூலிவேலையில் ஒரு பகுதியை ஊர்ப் பொதுவேலையாகச் செய்து தரவும் சங்கம் தயார். மண்வெட்டிகள் எங்களிடம் நிறைய இருக்கின்றன.

காவல் துறைக்கு: எந்த நாள் என்று யாரும் ஊகிக்க முடியாதபடி அடிக்கடி வரவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். எங்களுக்கும் முன்கூட்டியே சொல்ல வேண்டாம், ஹல்வார் அவர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டாம். இது அவரே எழுதச் சொன்னது.

இம்மனுவை அனுப்புவதற்கு முன் பள்ளி மாணவர் மன்றத்திலும் படித்துக் காட்டினேன். அங்கே ஒரு முடிவு எடுக்கப்பட்டது. தங்களுக்குத் தெரியாமல் எதுவும் செய்யக்கூடாது என்பதால் தெரிவிக்கிறேன். ஏப்ரல் 22 காலை, மோல்லெபக்கன் பள்ளியின் எல்லா வகுப்புகளும் அந்த வெள்ளைக் கோடுகளின் மேல் கடக்கப் போகின்றன. ஊர்வலமாக அல்ல, கோஷமும் இல்லை. வழக்கமாகப் பள்ளிக்கு வருவதுபோல், ஒவ்வொருவராக, இருபுறமும் பார்த்துக் கடப்போம். தெருவைச் சுற்றி வேறு வழியாக வருபவர்களும் அன்று இந்த வழியாக வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். யாரையும் தடுக்க மாட்டோம். இது மிரட்டல் அன்று. தாங்கள் கேட்ட கணக்கு இது. மலைக்கு அப்பாலிருந்து அந்த இளைஞரையே தாங்கள் மீண்டும் அனுப்பினால், ஒட்கெய்ர் அவர்கள் காப்பி தருவதாகச் சொல்லியிருக்கிறார். தாங்களே வந்தால் இன்னும் மகிழ்வோம்.

அன்று ஹெட்டாவும் நடந்து வருவாள், தனியாக. ஜனவரிக்குப் பிறகு அதுதான் முதல் முறை. நேற்றிரவு உணவின்போது அம்மா சம்மதித்தார். “கோடு இருக்கிற வரைக்கும் நடக்கட்டும். கோட்டை அழிச்சாங்கன்னா மறுபடி கார்தான்” என்றார். ஹெட்டா உடனே எழுந்து போய்த் தன் காலணிகளை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்தாள். அந்த நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது என்று நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை.

அவள் வீட்டிலிருந்து கோடுகள் வரை வர நேரமாகும். வழியில் எல்லாவற்றையும் நின்று பார்ப்பாள். ஒருவேளை இம்மனு தங்கள் மேசைக்கு வருமுன் உத்தரவு போய்ச் சேர்ந்து, கோடுகளை அழிக்கும் இயந்திர வண்டி அன்று காலை வந்துவிட்டால், அதை ஓட்டுபவருக்கு ஒன்றை மட்டும் சொல்லி அனுப்பும்படி வேண்டுகிறேன். ஹெட்டா கடந்து முடிக்கும் வரை அவர் காத்திருக்க வேண்டும். கோடுகள் இருக்கும் வரை, சட்டப்படி நிற்க வேண்டியது வண்டிதான்.

தங்கள் நல்ல முடிவில் நம்பிக்கையுள்ள,

(ஒப்பம்) யூரிட் சோல்பாக்கன்
மோல்லெபக்கன் குடியிருப்போர் நலச் சங்கத்துக்காகவும், பள்ளி மாணவர் மன்றத்துக்காகவும்

இடம்: ஸ்டெய்ன்விக்
நாள்: ஏப்ரல் 8, 2024